சீருடைகளுக்கு நடுவே ஒரு குடும்ப சிகிச்சையாளர்

கேள்வி: வளரிளம் பருவப் பிள்ளைகளோடும் அவர்கள் குடும்பங்களோடும் வேலை பார்க்கும் மனநல சிகிச்சையாளர் நான். மருத்துவமனையிலும் தொண்டு நிறுவனத்திலும் இருந்திருக்கிறேன். இப்போது ஒரு காவல் துறையில், இளையோர் மற்றும் குடும்ப ஆலோசனைப் பிரிவுக்குத் தலைமை சிகிச்சையாளராக வரச் சொல்கிறார்கள். சின்னக் குற்றங்களில் சிக்கும் பிள்ளைகளை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல், குடும்பத்தோடு எங்களிடம் அனுப்புவார்களாம். எனக்குக் கீழே மூன்று சிகிச்சையாளர்கள் இருப்பார்கள். ஆசையும் இருக்கிறது, தயக்கமும் இருக்கிறது. பிள்ளைகள் என்னையும் போலீஸாகத்தானே பார்ப்பார்கள்? ‘அவன் உங்ககிட்ட என்ன சொன்னான்?’ என்று ஓர் அதிகாரி வந்து கேட்டால் என்ன செய்வது? ‘லத்திக்கு ஒரு சிரித்த முகம் தேவைப்படுது, அதுக்குத்தான் உன்னைக் கூப்பிடுறாங்க’ என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தவிர, இதுவரை நான் எந்தக் குழுவுக்கும் தலைமை தாங்கியதில்லை. போகலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போகலாம். ஆனால் நியமன ஆணையில் கையெழுத்துப் போடும் முன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டியவை சில இருக்கின்றன. ‘உள்ளே போய்ப் பார்த்துக்கலாம்’ என்று விட்டால் அப்புறம் பேச வாய்ப்பே கிடைக்காது. அவர்கள் உங்களை வாருங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கும் இந்த நாட்களில்தான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு அதிகம். சேர்ந்த மறுநாள் நீங்களும் அந்த அதிகார அடுக்கில் ஒரு படி ஆகிவிடுவீர்கள். அதிலும் சீருடை இல்லாத படி.

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது சரியாகவில்லை என்றால் மற்றவற்றுக்குப் பதில் தேட வேண்டிய அவசியமே இல்லை.

பதினைந்து வயதுப் பையன் ஒருவன் மருத்துவமனை அறையில் சொல்லும் ஒரு வாக்கியம் அவனுடைய சிகிச்சைக் குறிப்பில் போய்ச் சேரும். அதே வாக்கியத்தைக் காவல் துறைக்குள் இருக்கும் உங்கள் அறையில் சொன்னால் அது சாட்சியமாகலாம். இந்த வேலையின் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் முளைக்கின்றன. ஆகவே, உங்கள் பிரிவிலிருந்து காவல் பக்கத்துக்கு எந்தத் தகவல் போகும், எது போகாது என்பதை எழுத்தில் கேளுங்கள். ஒரே பக்கம் போதும், ஆனால் துறைத் தலைவரின் கையெழுத்து இருக்க வேண்டும். போகும் தகவல் மிகக் கொஞ்சமாக இருக்கட்டும். குடும்பம் வந்ததா, எத்தனை அமர்வுக்கு வந்தது, திட்டத்தை முடித்ததா. அவ்வளவுதான். ‘மனம் திருந்தியிருக்கிறானா?’ என்று ஒரு கட்டம் படிவத்தில் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். மனம் திருந்தியதை அளக்கும் கருவி உங்களிடம் இல்லை, யாரிடமும் இல்லை.

விதிவிலக்குகள் உண்டு. ஒரு பிள்ளையை யாரோ துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால், அவன் தன்னையோ இன்னொருவரையோ கடுமையாகக் காயப்படுத்தும் ஆபத்து கண்ணெதிரே இருந்தால், வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. 1976இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தாராசாஃப் வழக்கில் சொன்ன தீர்ப்பிலிருந்து, குறிப்பிட்ட ஒருவருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அவரைக் காக்க சிகிச்சையாளர் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற கடமை பல இடங்களில் வேரூன்றியது. எல்லா ஊர்ச் சட்டமும் ஒரே மாதிரி கிடையாது. உங்கள் குறிப்பேட்டை நீதிமன்றம் கேட்டால் மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டா, எந்த அளவுக்கு உண்டு என்பதை வேலைக்குச் சேரும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். துறையின் வழக்கறிஞரிடம் கேட்காதீர்கள். அவர் துறைக்காக வாதாடுபவர்.

கணினி விஷயத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கையெழுத்துப் போட்ட பக்கம் அலமாரியில் பத்திரமாக இருக்கும். சிகிச்சைக் குறிப்புகளோ துறையின் பொதுப் பதிவு மென்பொருளுக்குள் இருக்கும். யார் யார் அதைத் திறக்க முடியும் என்று கேட்டால், ‘பொதுவா யாரும் திறக்க மாட்டாங்க’ என்பார்கள். அது பதில் ஆகாது. தனி மென்பொருள், தனிக் கடவுச்சொல், யார் எப்போது திறந்தார்கள் என்ற பதிவு, மூன்றும் வேண்டும். இல்லையென்றால் பூட்டும் அலமாரியும் காகிதக் கோப்புமே மேல்.

சரி, அந்த அதிகாரிக்கு வருவோம். அவர் கெட்ட எண்ணத்தோடு வருவார் என்று நினைத்து விறைத்துக்கொண்டு நிற்க வேண்டாம். பெரும்பாலும் உண்மையான அக்கறையில்தான் கேட்பார். ‘அந்தப் பையன் எப்படி இருக்கான் மேடம், தேறிடுவானா?’ என்பார். ‘வந்துட்டிருக்கான் சார். அதுக்கு மேல நான் சொல்லக்கூடாது. அன்னைக்கு ராத்திரி நீங்க பார்த்தப்போ எப்படி இருந்தான், அதைச் சொல்லுங்களேன்’ என்று கேளுங்கள். உங்கள் பக்கமிருந்துதான் தகவல் போகக்கூடாது, அவர் பக்கமிருந்து தாராளமாக வரலாம். அந்த வீட்டுக் கதவை யார் திறந்தார்கள், அப்பா வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன, தங்கை எங்கே நின்றுகொண்டிருந்தாள் என்று அவர் பார்த்ததை நீங்கள் எத்தனை அமர்வு நடத்தினாலும் பார்க்க முடியாது. அதை மதித்துக் கேட்டுப் பாருங்கள், அடுத்த முறை அவர் உங்களிடம் துருவ வரமாட்டார், சொல்ல வருவார்.

சங்கடமான கேள்வி வேறு மாதிரி வரும். ‘இவனோட கூட்டாளி ஒருத்தன் இருக்கான். அவன் எங்கே தங்கறான்னு மட்டும் பேச்சுவாக்கில கேட்டுப் பாருங்க.’ சின்ன உதவிதான். ஒரு முறை செய்துவிட்டால் போதும், செய்தி அந்தப் பிள்ளைகள் வட்டத்தில் வெகு சீக்கிரம் பரவிவிடும். அதற்குப் பிறகு உங்கள் அறைக்கு வருகிறவர்கள் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள், பேச மாட்டார்கள். உங்கள் பிரிவுக்கு வரும் பிள்ளையைத் தகவல் சொல்பவனாகப் பயன்படுத்தக் கூடாது என்ற வரியும் அந்த ஒரு பக்கத்தில் இருக்கட்டும். பேச்சுவார்த்தையில் தேவைப்பட்டால் 1989இன் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 40ஆவது பிரிவை எடுத்துக் காட்டுங்கள். முடிந்த இடங்களில் நீதிமன்றத்துக்குப் போகாமலே பிள்ளைகள் விஷயத்தைக் கையாள வேண்டும் என்று சொல்லும் அதே பிரிவு, குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், எல்லாக் கட்டத்திலும் அவன் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொன்று. வழக்கு முடிவாகாத நிலையில் ‘அன்னைக்கு என்ன நடந்தது?’ என்று நீங்கள் கேட்கவே வேண்டாம். நம் தொழிலில் வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். ஆனால் குடும்ப சிகிச்சைக்கு வாக்குமூலம் தேவையில்லை. வீட்டில் யார் யாரோடு பேசுகிறார்கள், ராத்திரி எத்தனை மணிக்கு யார் வருகிறார்கள், பள்ளிக்கூடம் ஏன் கசந்தது, இவற்றைப் பேசியே வேலை நடக்கும். குறிப்பில் ‘திருடினான்’ என்று எழுதாமல் ‘திருடியதாகப் புகார்’ என்று எழுதுங்கள். உங்கள் குழுவில் யாராவது குறிப்பில் ‘சந்தேக நபர்’ என்று எழுத ஆரம்பித்தால் அன்றே கூப்பிட்டுப் பேசுங்கள். அந்த மொழி மெல்லத் தொற்றும். எழுதுகிறவருக்கே தெரியாது.

இப்போது முதல் கேள்வி. ஆமாம், பிள்ளைகள் உங்களைப் போலீஸாகத்தான் பார்ப்பார்கள். ‘நான் போலீஸ் இல்லப்பா’ என்று ஆரம்பித்தால் இன்னும் மோசம். உங்கள் கழுத்தில் தொங்கும் அட்டையில் துறையின் சின்னம் இருக்கும், அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். ‘நான் இங்கேதான் வேலை பார்க்கிறேன், சம்பளமும் இங்கேதான். கைது பண்ற அதிகாரம் எனக்கு இல்லை. நீ சொல்றதுல இந்த இந்த விஷயத்தை நான் வெளியே சொல்லியே ஆகணும், மத்தது இந்த அறையை விட்டுப் போகாது’ என்று சொல்லிவிட்டு, அவன் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தலையாட்டியதை நம்பாதீர்கள். போலீஸ் விசாரணையில் தனக்கு இருக்கும் உரிமைகளைப் பிள்ளைகள் எவ்வளவு புரிந்துகொள்கிறார்கள் என்று 1980 வாக்கில் உளவியலாளர் தாமஸ் கிரிஸ்ஸோ அமெரிக்காவில் ஆராய்ந்தார். 15 வயதுக்குக் கீழே இருந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சரியாகப் புரியவில்லை. உங்கள் ஒப்புதல் படிவத்துக்கும் அதே கதிதான்.

‘விருப்பப்பட்டு வந்திருக்கிறான்’ என்று எழுதும்போதும் யோசியுங்கள். வராவிட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் என்றால் அது எந்த வகை விருப்பம்? ஐ.நா.வின் 1985 பெய்ஜிங் விதிகளும், இப்படி வேறு வழிக்கு அனுப்பும்போது பிள்ளையோ பெற்றோரோ சம்மதிக்க வேண்டும் என்கின்றன. சம்மதம் பாதி, நெருக்கடி பாதி என்பதை அவனிடமே ஒப்புக்கொள்ளுங்கள். ‘உனக்கு இங்கே வரப் பிடிக்கலை, எனக்குப் புரியுது. வந்த நேரத்தை உனக்கு உதவற மாதிரி ஏதாவது பண்ணிக்கலாமா?’ என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில், நல்லவன்போல நடிக்க வைக்கும் கேள்விக்குக் கிடைக்காது.

இடமும் முக்கியம். உங்கள் அறைக்குத் தனி வாசல் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். கைதிகளை வைத்திருக்கும் இடத்தைக் கடந்து ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் உங்களிடம் வர வேண்டும் என்றால், கவுன்சலிங் தொடங்கும் முன்பே தோற்றுவிட்டது. வீட்டுக்குப் போகும்போது துறையின் வண்டியில் போகாதீர்கள். அக்கம்பக்கத்தார் ஜன்னல் வழியே பார்ப்பார்கள். மாலையிலும் விடுமுறை நாளிலும் அமர்வு நடத்த ஒப்புக்கொள்கிறார்களா என்றும் கேளுங்கள். வேலையை விட்டுவிட்டுப் பகலில் வரச் சொன்னால் அம்மா மட்டும்தான் வருவார், அதுவும் இரண்டு தடவை.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளைகளை விட அதிகமாக உங்களைப் போலீஸாகப் பார்க்கப்போவது பெற்றோர்தான். பிள்ளை பயப்படுவான், பெற்றோர் அந்தப் பயத்தை உங்களிடமிருந்து கடன் கேட்பார்கள். ‘நீங்க கொஞ்சம் மிரட்டி வையுங்க, நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கிறான்’ என்பதுதான் பல வீடுகளிலிருந்து வரும் முதல் வேண்டுகோள். இதற்கு இணங்காமலும், அவர்களை அவமானப்படுத்தாமலும் அந்த முதல் மணி நேரத்தைக் கடப்பதில்தான் உங்கள் திறமை முழுவதும் செலவாகும்.

உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் வீடுகளுக்குப் போய், குடும்பங்கள் சண்டை போடுவதைக் கூர்ந்து கவனித்து எழுதியவர். அவர் காட்டிய சுழற்சி உங்களுக்குப் படிப்பிலேயே தெரிந்திருக்கும். அப்பா ‘போனைக் கீழே வை’ என்கிறார். பையன் கத்துகிறான். அப்பா அதைவிடக் கத்துகிறார். பையன் கதவை உதைக்கிறான். ‘எப்படியோ தொலை’ என்று அப்பா எழுந்து போகிறார். பெரிதாகக் கத்தினால் வேலை நடக்கும் என்று மகன் கற்றுக்கொண்டான். விட்டுவிட்டால் வீடு அமைதியாகும் என்று அப்பா கற்றுக்கொண்டார். இந்தச் சுழற்சி முற்றிய வீட்டில்தான் ஒருநாள் காவல் துறையைக் கூப்பிடுகிறார்கள். அதாவது கத்தலின் அடுத்த படியாக நீங்கள் அழைக்கப்பட்டிருக்கிறீர்கள். நீங்களும் மிரட்டினால் சுழற்சியில் இன்னொரு சுற்று கூடும்.

யூட்டா மாநிலத்தில் 1970களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் அலெக்சாண்டரும் புரூஸ் பார்சன்ஸும் உருவாக்கிய செயல்முறைக் குடும்ப சிகிச்சை (Functional Family Therapy), முதல் கட்டம் முழுவதையும் பழி சொல்வதைக் குறைப்பதற்கே ஒதுக்குகிறது. நடத்தையை மாற்றும் பேச்சு அதற்குப் பிறகுதான். சில மாதங்களில், சுமார் ஒரு டஜன் அமர்வுகளில் முடியும் முறை என்பதால் காவல் துறைப் பிரிவுக்குப் பொருந்தும். வீடு, பள்ளி, நண்பர் வட்டம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும், ஸ்காட் ஹெங்கலர் உருவாக்கிய பல்அமைப்பு சிகிச்சை (Multisystemic Therapy) இன்னும் தீவிரமானது. ஒரு சிகிச்சையாளரிடம் ஒரே நேரத்தில் நாலு முதல் ஆறு குடும்பங்கள் மட்டும், மூன்றிலிருந்து ஐந்து மாதம், இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போங்கள். ‘ஆளுக்கு முப்பது குடும்பம்’ என்று அவர் சொன்னால் அந்த எண்ணிக்கையில் இந்த முறைகள் எதுவும் நடக்காது, வருகைப் பதிவேடுதான் நடக்கும் என்று சொல்ல உங்களுக்கு ஆதாரம் வேண்டும்.

அதே சமயம் பெயரை நம்பி எதையும் வாங்கிவிடாதீர்கள். பல்அமைப்பு சிகிச்சை அமெரிக்காவின் தொடக்க ஆய்வுகளில் நன்றாகத் தெரிந்தது. ஸ்வீடனிலும், பிறகு இங்கிலாந்தின் பெரிய ஆய்விலும், அங்கே ஏற்கெனவே கிடைத்துவந்த வழக்கமான சேவைகளை விட அது மேலாக இருக்கவில்லை. வாஷிங்டன் மாநில ஆய்வு ஒன்று 2004இல் வெளியானது. செயல்முறைக் குடும்ப சிகிச்சையைத் திறமையாகச் செய்தவர்களிடம் போன பிள்ளைகள் மறுபடி குற்றத்தில் சிக்குவது குறைந்தது. அரைகுறையாகச் செய்தவர்களிடம் போனவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. தலைமை சிகிச்சையாளர் என்ற பதவி எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த ஒரு ஆய்வு போதும். உங்கள் குழுவினர் அமர்வை எப்படி நடத்துகிறார்கள் என்பதை ஒலிப்பதிவோ நேரடிக் கவனிப்போ மூலம் நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்டு மட்டும் மேற்பார்வை செய்ய முடியாது. குடும்பத்தின் சம்மதமில்லாமல் பதிவு செய்யவும் முடியாது, அந்தப் பதிவு எங்கே போய்ச் சேர்கிறது என்ற கேள்வி மறுபடி முதல் பிரச்சினைக்கே கொண்டுவிடும். மேற்பார்வை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. வீட்டில் இப்போதும் அடி உதை நடக்கிறது, ஒருவர் இன்னொருவரைக் கண்டு நடுங்குகிறார் என்றால் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைக்காதீர்கள். அங்கே சொன்ன வார்த்தைக்கு வீட்டுக்குப் போனதும் தண்டனை கிடைக்கும். முதல் சந்திப்பை எப்போதும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் இதைக் கண்டுபிடிக்க வழி கிடைக்கும்.

யாரைச் சேர்த்துக்கொள்வது என்பதை விட யாரைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்பதில்தான் தலைமையின் தரம் தெரியும். பிரிவு ஒன்று திறந்துவிட்டால், முன்பெல்லாம் எச்சரித்து வீட்டுக்கு அனுப்பியிருக்கக்கூடிய பிள்ளைகளையும் ‘எதுக்கும் கவுன்சலிங் போய்ட்டு வரட்டும்’ என்று அனுப்ப ஆரம்பிப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் 2010இல் ஆந்தனி பெட்ரோசினோ என்ற ஆய்வாளரின் குழு 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிள்ளைகளை முறையான நீதி நடைமுறைக்குள் இழுப்பதால் குற்றம் குறையவில்லை, கூடும் போக்கே தெரிந்தது. உளவியலாளர் டெர்ரி மாஃபிட் 1993இல் எழுதியதும் நினைவிருக்கும். வளரிளம் பருவத்தில் தப்புத்தண்டா செய்பவர்களில் பெரும்பாலோர் அந்த வயதோடு அதை விட்டுவிடுகிறார்கள். முதல் முறையாக ஒரு லிப்ஸ்டிக்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட பெண்ணை மூன்று மாதம் உங்கள் பிரிவுக்கு நடக்கவைத்தால் அவளுக்குக் கிடைப்பது ஒரு முத்திரையும், அவளை விடப் பல படி முன்னே போன சில நண்பர்களும்தான். அவளை அன்றே வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆண்டறிக்கையில் உங்கள் எண்ணிக்கை குறையும், பரவாயில்லை. எண்ணிக்கையை வைத்து உங்களை அளக்கமாட்டார்கள் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

அந்த ‘நண்பர்கள்’ விஷயம் விளையாட்டல்ல. செலவு குறையும் என்று பத்துப் பையன்களை வட்டமாக உட்கார வைத்துக் குழு கவுன்சலிங் நடத்தச் சொல்வார்கள். டிஷியன், மெக்கார்ட், பூலின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1999இல் எழுதிய கட்டுரை, இப்படிச் சேர்த்து வைப்பதே பிள்ளைகளைக் கெடுக்கக்கூடும் என்று காட்டியது. நடுவில் ஒருவன் தன் சாகசத்தைச் சொல்ல, மற்றவர்கள் சிரிக்கிறார்கள் பாருங்கள், அந்தச் சிரிப்பு உங்கள் அறிவுரையை விட நல்ல ஆசிரியர்.

சிறைக்குக் கூட்டிப்போய்க் கைதிகளை விட்டு மிரட்டும் திட்டமும் உங்கள் மேசைக்கு ஒருநாள் வரும். 1970களில் நியூ ஜெர்சியின் ராவே சிறையில் தொடங்கி உலகமெங்கும் பரவியது அது. பார்க்க உணர்ச்சிமயமாக இருக்கும், கேமராவுக்கு நன்றாக இருக்கும். சோதித்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்ததில், அதற்குப் போகாத பிள்ளைகளை விடப் போனவர்கள்தான் அதிகம் குற்றம் செய்திருந்தார்கள். தலைவர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மறுப்பதற்கு இவ்வளவு தெளிவான ஆதாரம் எப்போதும் கிடைக்காது.

நண்பர்கள் சொன்ன ‘சிரித்த முகம்’ பற்றி. அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. வெறும் அலங்காரமாக இப்படிப் பிரிவுகளை வைத்திருக்கும் இடங்கள் உண்டு. ஆனால் நீங்கள் போகும் இடம் அப்படிப்பட்டதா என்று கண்டுபிடிக்க ஒரு நேரடிக் கேள்வி இருக்கிறது. நேர்காணலில் கேளுங்கள்: ‘என்னிடம் வரும் பிள்ளை, உங்கள் அதிகாரி ஒருவர் தன்னை அடித்ததாகச் சொன்னால் நான் யாரிடம் போக வேண்டும்?’

கேட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். ‘எங்க டிபார்ட்மென்ட்ல அப்படி நடக்காது’ என்று வந்தால் கிளம்பிவிடலாம். ‘முதல்ல என்கிட்ட சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்’ என்று வந்தால் கொஞ்சம் யோசிக்கலாம், ஆனால் அதில் ஆபத்து இருக்கிறது. அவர் பார்த்துக்கொள்வது எதை என்று உங்களுக்குத் தெரியாது. அதிகாரியின் மேலதிகாரிக்கு வெளியே, சுதந்திரமான ஒரு புகார் அமைப்புக்கோ குழந்தைகள் பாதுகாப்பு அமைப்புக்கோ நீங்கள் நேரடியாகப் போகலாம், அதற்காக உங்கள் மேல் நடவடிக்கை வராது என்று எழுத்தில் தருகிறார்களா? தந்தால் நண்பர்களிடம் போய்ச் சொல்லுங்கள், அலங்காரப் பொம்மைக்கு இப்படி எழுதித் தரமாட்டார்கள் என்று. பிள்ளையிடமும் பெற்றோரிடமும் முதல் அமர்விலேயே இந்த வழியைச் சொல்லிவிட வேண்டும். புகார் வந்த நாளில் சொன்னால் நம்பமாட்டார்கள்.

உள்ளே இருப்பதால் கிடைக்கும் நன்மையையும் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து எவ்வளவு கட்டுரை எழுதினாலும் மாறாதது, பணி தொடங்கும் முன் அதிகாரிகள் கூடும் ‘ரோல் கால்’ நேரத்தில் பத்து நிமிடம் பேசி மாறும். 2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் வளரிளம் பருவத்தினரை ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டை ஆட வைத்தார்கள். தனியாக ஆடியபோது இருந்ததை விட, நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது பிள்ளைகள் மிக அதிகமாக ஆபத்தான முடிவெடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. இதை அதிகாரிகளிடம் சொல்லிவிட்டு, ‘தெருவில ஒரு கும்பலை நிறுத்தினா, பேச வேண்டியவனை முதல்ல நாலடி தள்ளிக் கூட்டிட்டுப் போங்க. கூட்டாளிங்க முன்னாடி அவன் உங்களுக்குப் பதில் சொல்லலை, அவங்களுக்குச் சொல்றான்’ என்று சொல்லுங்கள். நல்ல அதிகாரிகள் இதை அனுபவத்திலேயே அறிந்திருப்பார்கள். மற்றவர்கள் அவர்களிடமிருந்து கற்றுக்கொள்வார்கள். அமெரிக்காவின் நியூ ஹேவனில் 1991இல் யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் ஆய்வு மையமும் நகரக் காவல் துறையும் சேர்ந்து தொடங்கிய திட்டத்தில், வன்முறையைக் கண்ணால் பார்த்த குழந்தைகளுக்காகச் சிகிச்சையாளர்கள் அதிகாரிகளோடு சம்பவ இடத்துக்கே போனார்கள், அதிகாரிகள் சிகிச்சையாளர்களின் கலந்தாய்வில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரே மேசையில் உட்காரலாம், கோப்புகளை மட்டும் கலக்கக்கூடாது.

தலைமை தாங்கியதில்லை என்ற கவலைக்கு நான் அதிகம் இடம் தரமாட்டேன். மூன்று பேர் கொண்ட குழு, கற்றுக்கொள்வீர்கள். ஆனால் இரண்டை விட்டுக்கொடுக்காதீர்கள். வாரம் ஒரு மணி நேரம் ஒவ்வொருவருக்கும் மேற்பார்வை. எந்த அவசரம் வந்தாலும் அது ரத்தாகக் கூடாது. அப்புறம், உங்களுக்கே ஒரு மேற்பார்வையாளர், துறைக்கு வெளியே, துறை செலவில். உங்களுக்கு மேலே இருப்பவர் சீருடைக்காரராக இருப்பார். விடுப்பு, பட்ஜெட் எல்லாம் அவரிடம் பேசலாம். ஒரு பையன் தற்கொலை பற்றிப் பேசிய ராத்திரி உங்கள் முடிவு சரியா என்று அவரிடம் கேட்க முடியாது. உங்கள் சிகிச்சைத் திறனை அவர் மதிப்பிடவும் கூடாது.

அதிகாரிகள் தங்கள் சொந்தப் பிள்ளைகளை உங்களிடம் கொண்டுவருவார்கள். ‘ஆஃபீஸ் ஆளு மாதிரி வேண்டாம், சும்மா ஒரு தடவை பேசுங்க’ என்பார்கள். நாளை அந்தத் தந்தை கொண்டுவரும் வழக்கில் இன்னொரு பிள்ளைக்காக அவரை எதிர்த்து நீங்கள் நிற்க வேண்டி வரலாம். அன்பாக வெளியே ஒரு நல்ல சிகிச்சையாளரின் எண்ணைக் கொடுங்கள். அந்தப் பட்டியலை முதல் வாரமே தயார் செய்து வைத்துக்கொண்டால் முகம் முறியாமல் சொல்லலாம்.

கடைசியாக ஒரு வேலை, இந்த வாரமே செய்ய வேண்டியது. இது புதிய பதவியா, யாராவது இருந்து போன பதவியா என்று நீங்கள் எழுதவில்லை. யாராவது இருந்து போனது என்றால் அவரைத் தேடிப் பிடியுங்கள். ஏன் போனார் என்று துறை சொல்வதையும் கேளுங்கள், அவர் சொல்வதையும் கேளுங்கள். குறிப்பாக, அவர் எழுதிய சிகிச்சைக் குறிப்புகள் இப்போது யாரிடம் இருக்கின்றன என்று இரண்டு பக்கமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் கையெழுத்துப் போடலாம்.